அடீனியத்தின் அடித்தண்டு மெத்தென்று ஆகிவிட்டதா?

வணக்கம். தொடர்மழைக்குப் பின் உங்கள் அடீனியம் (பாலைவன ரோஜா) செடியின் பருத்த அடித்தண்டு ஒரு பக்கம் மெத்தென்று ஆகிவிட்டது, தண்ணீர் போதவில்லையோ என்று கேட்டிருந்தீர்கள். இனி ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். தாகம் என்றால் தண்டு முழுவதும் சீராகத் தளரும். மண்ணையொட்டி ஒரு பக்கம் மட்டும் அமுங்கினால் அழுகல்தான்.

இன்றே பிடுங்கி, வேரைக் கழுவி, வெளிறிய நல்ல சதை தெரியும்வரை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். கையுறை அவசியம், வெட்டும்போது வடிவது ஆப்பிரிக்காவில் அம்புக்கு நஞ்சாகப் பயன்பட்ட பால். காயத்தில் பூஞ்சைக்கொல்லித் தூள் தடவி, மழை படாத நிழலில் ஒரு வாரமாவது உலரவிடுங்கள். பிறகு, பாதிக்கு மேல் பெருமணலும் செங்கல் துண்டுகளும் கலந்த மண்ணில் நடுங்கள். ஈரத்தைப் பிடித்துவைக்கும் வெறும் தேங்காய் நார்க்கழிவில் நட்டு விற்கும் நர்சரிகள்மேல் எனக்குக் கோபமே உண்டு. புதுத்துளிர் வந்தபின் தாராளமாக நீர் விடலாம்.