அப்பாவுக்கு இளம் வயதிலேயே மாரடைப்பு வந்தால் பிள்ளைக்கும் வருமா? மரபணு பரிசோதனை செய்ய வேண்டுமா?

உங்கள் அப்பாவுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். (பெண்களுக்கு "இளம் வயது" என்பதன் எல்லை 65.) "ரத்தத்திலேயே இருக்கு, ஒண்ணும் பண்ண முடியாது" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இந்தத் துறையின் முக்கியமான மரபணு ஆராய்ச்சி ஒன்று அதற்கு நேர்மாறானதைக் காட்டியிருக்கிறது.

2003-ல் பிரெஞ்சுக் குடும்பங்களில் பிசிஎஸ்கே9 என்ற மரபணு மிகையாக வேலை செய்து, தமனியில் படியும் கெட்ட கொழுப்பான எல்டிஎல்லை ஏற்றிவிடுவது தெரியவந்தது. அமெரிக்காவின் டல்லாஸில் ஆராய்ச்சியாளர்கள் ஹெலன் ஹாப்ஸும் ஜோனதன் கோஹெனும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: அதே மரபணு பழுதானால் எல்டிஎல் குறைய வேண்டுமே? எல்டிஎல் மிகக் குறைவாக இருந்தவர்களின் மரபணுவைப் படித்தார்கள். ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் சுமார் 2 சதவீதம் பேரிடம் அந்த மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்திருந்தது. 2006-ல் வெளியான அடுத்த ஆய்வில் 15 ஆண்டுக் கண்காணிப்பைப் பார்த்தபோது, அப்படிப்பட்டவர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் குறைவு, இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவு. இரண்டு பிரதிகளும் பழுதான ஒரு பெண்ணின் எல்டிஎல் வெறும் 14 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்). அவர் ஆரோக்கியமாக, உடற்பயிற்சி சொல்லித்தரும் வேலையில் இருந்தார்.

காரணம் கல்லீரலில் இருக்கிறது. கல்லீரல் செல்லின் மேல் உள்ள எல்டிஎல் ஏற்பி ரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் இறக்கிவிட்டு, மறுபடி மேலே வரும். பிசிஎஸ்கே9 புரதம் அதில் ஒட்டிக்கொண்டால் ஏற்பி திரும்பி வராது, உள்ளேயே சிதைக்கப்பட்டுவிடும். ஏற்பி குறையக் குறைய ரத்தத்தில் எல்டிஎல் தேங்கும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை ஏற்பியைக் கூட்டும்போது பிசிஎஸ்கே9-ஐயும் சேர்த்தே கூட்டுகிறது. டோஸை இரட்டிப்பாக்கினாலும் எல்டிஎல் கூடுதலாக சுமார் 6 சதவீதம்தான் இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். 2015-ல் வந்த எவலோகுமாப், அலிரோகுமாப் ஊசிகள் இந்தப் புரதத்தைத்தான் தடுக்கின்றன.

"மருந்து கம்பெனிக்கு வக்காலத்து" என்று சிலர் வருவார்கள், தெரியும். 88 என்பது சிறிய எண்ணிக்கையிலிருந்து வந்த கணக்கு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஆய்வில் வெள்ளையரிடம் இருந்த லேசான மாற்றமும் அதே திசையைத்தான் காட்டியது: எல்டிஎல் 15 சதவீதம் குறைவு, நோய் 47 சதவீதம் குறைவு. எவலோகுமாப் சோதனையிலோ எல்டிஎல் 59 சதவீதம் இறங்கியும் இரண்டு ஆண்டுகளில் பாதிப்பு 15 சதவீதம்தான் குறைந்தது. பிறந்ததிலிருந்தே குறைவாக இருப்பதும் தமனியில் படிந்த பிறகு குறைப்பதும் ஒன்றல்ல. அதனால்தான் சீக்கிரம் பாருங்கள் என்கிறேன்.

எடுத்த எடுப்பில் மரபணு பரிசோதனைக்கு ஓடாதீர்கள். முதலில் சாதாரண லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனை. பல லேப்கள் எல்டிஎல்லை அளப்பதில்லை, மொத்தக் கொழுப்பிலிருந்து எச்டிஎல் என்ற நல்ல கொழுப்பையும், டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகின்றன. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது, நேரடி அளவீடு கேளுங்கள். எல்டிஎல் 190 அல்லது அதற்கு மேல் இருந்தால், குதிகாலுக்கு மேல் உள்ள தசைநாண் தடித்திருந்தால், குடும்ப வழி மிகைக் கொழுப்பு நோயாக இருக்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மரபணு பரிசோதனை பயன்படும் இடம் இதுதான். அதையும் முடிந்தால் நோய் வந்தவரிடமே முதலில் செய்ய வேண்டும். அங்கே என்ன மாற்றம் என்று தெரியாமல் உங்களுக்கு "ஒன்றுமில்லை" என்று வந்தால் அதை நம்பி உட்கார முடியாது.

கூடவே எல்டிஎல் போன்ற இன்னொரு கொழுப்புத் துகளான லிப்போபுரோட்டீன்(ஏ)-யை ஒரு தடவை அளந்துவிடுங்கள். பெரும்பாலும் மரபணுவே தீர்மானிப்பதால் அது வாழ்நாளில் அதிகம் மாறாது. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் அதிகம். எல்டிஎல் சரியாக இருந்தும் மாரடைப்பு வரும் குடும்பங்களில் இதைப் பார்க்காமல் விடுவதுதான் எனக்கு ஆற்றாமை.

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றும் சொல்லிவிடுகிறேன்: லேப் ரிப்போர்ட்டில் எல்லோருக்கும் ஒரே "நார்மல்" வரம்பை அச்சடிப்பதை நிறுத்த வேண்டும். மாரடைப்பு வந்தவருக்கு எல்டிஎல் 120 நார்மல் இல்லை. அந்தத் தாளைப் பார்த்து மாத்திரையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் ஏற்கெனவே ஸ்டாடின் எடுப்பவரானால், தொடங்குவதற்கு முன் எடுத்த பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். 190 கணக்கு அந்த எண்ணுக்குத்தான் பொருந்தும்.