கட்டையும் சுருள்வில்லும் தேதி சொல்லுமா?

கேள்வி: நிலநடுக்கம் எப்போது வரும் என்பதை எளிய கணித மாதிரிகளை வைத்துக் கணிப்பதாகப் படித்தேன். பல கிலோமீட்டர் ஆழத்தில் நடப்பதை நாலைந்து சமன்பாடுகளில் அடக்கிவிட்டால், அந்தக் கணிப்பை எப்படி நம்புவது? – ஒரு வாசகி

பதில்: யாராவது தேதி சொன்னால் நம்பாதீர்கள். மாதிரிகளை அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிடாதீர்கள். எங்கள் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது பர்ரிட்ஜ், நோபாஃப் என்ற ஆய்வாளர்கள் 1967-ல் வெளியிட்ட மாதிரி. நிலத்தடிப் பாறைகள் ஒன்றையொன்று உரசி நகரும் பிளவுக்கு அது ஓர் எளிய உருவகம். சொரசொரப்பான பரப்பில் வரிசையாகக் கட்டைகள், அவற்றை இணைக்கும் சுருள்விற்கள், மெதுவாக ஓர் இழுப்பு. வில்லின் இழுவிசை உராய்வை மிஞ்சும்போது கட்டை சட்டென்று வழுக்கும், பக்கத்துக் கட்டையின் மேல் பாரத்தை ஏற்றும். சில நேரம் அதோடு நின்றுவிடும், சில நேரம் வரிசை முழுக்க நகரும். சின்ன வழுக்கல்கள் ஏராளம், பெரியவை அபூர்வம். நிஜ நிலநடுக்கங்களிலும் ரிக்டர் அளவு ஒன்று கூடினால் எண்ணிக்கை ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிறது. இந்தப் போக்கை யாரும் மாதிரிக்குள் எழுதி வைக்கவில்லை, அது தானாக வந்தது.

ஒரே ஒரு கட்டை என்றால் சம இடைவெளியில் வழுக்கும். உராய்வு சற்றே வேறுபட்ட இரண்டு கட்டைகளைச் சேர்த்தாலே அந்த ஒழுங்கு குலையலாம் என்று 1990-ல் ஹுவாங், டர்காட் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். தொடக்கத்தில் துளி மாறினாலும் பின்னால் வருவதெல்லாம் மாறிவிடும். நிஜப் பிளவிலோ, ஆழத்தில் எவ்வளவு அழுத்தம் சேர்ந்திருக்கிறது என்பதை நேரடியாக அளக்கவே வழியில்லை.

இதற்குக் கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டை விடப் பெரிய சாட்சி கிடையாது. அங்கே சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் 1857, 1881, 1901, 1922, 1934, 1966 ஆகிய ஆண்டுகளில் ஏறக்குறைய 6 ரிக்டர் நடுக்கங்கள் வந்தன. சராசரி இடைவெளி சுமார் 22 ஆண்டு. அதை வைத்து அடுத்தது 1988-ஐ ஒட்டி, 1993-க்குள் வர 95 சதவீத வாய்ப்பு என்று 1985-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். 1922-க்கும் 1934-க்கும் நடுவே பன்னிரண்டே ஆண்டுகள்தான்! 1934 நடுக்கத்தை 'முன்கூட்டியே வந்துவிட்டது' என்று விதிவிலக்காக்கினார்கள். அந்தப் பிளவு ஒற்றைக் கட்டை அல்ல என்பதற்கு அதுவே தடயம் என்பது என் கருத்து. கருவிகளை நிறுவிக் காத்திருந்தார்கள். நடுக்கம் வந்தது 28 செப்டம்பர் 2004-ல், 6.0 அளவில். இடம் சரி, அளவும் சரி, காலம் மட்டும் தப்பியது. 1966-ல் வடக்கிலிருந்து தெற்காக ஓடிய முறிவு இந்த முறை தெற்கிலிருந்து வடக்காக ஓடியது.

அதனால்தான் இன்று பொறுப்பான கணிப்பு நிகழ்தகவாகத்தான் வருகிறது. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 2014 முதல் 2043 வரை 6.7 அல்லது அதற்கு மேற்பட்ட நடுக்கம் ஒன்றாவது வர 72 சதவீத வாய்ப்பு என்கிறது அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம். எந்தக் கட்டடத்தை முதலில் வலுப்படுத்துவது என்று முடிவு செய்ய அது போதும். நாள் குறித்துக்கொண்டு ஊரைக் காலி செய்ய அது உதவாது.