குடும்ப டிரஸ்ட் கணக்கைக் காட்ட மறுத்தால்: கேள்வி பதில்

தாத்தா சொத்தை டிரஸ்டாக எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பார். கட்டட வாடகை மாதாமாதம் வந்துகொண்டிருக்கும். வரவு செலவெல்லாம் ஒருவர் கையில். மற்றவர்கள் வாயைத் திறந்தால் அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது. வந்திருக்கும் கேள்விகளில் முக்கால்வாசி இந்த ரகம்தான். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துப் பதில் சொல்கிறேன். வழக்கு என்று இறங்கும் முன் பத்திரத்தை உங்கள் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மதுரை வாசகி: சார், எங்க தாத்தா 1987ல் டிரஸ்ட் எழுதினார். பேரப்பிள்ளைகள் எல்லோரும் பயனாளிகள் என்று அப்பா சொல்வார். பெரியப்பாதான் டிரஸ்டி. கணக்கு கேட்டால், "உங்கப்பனே என்னைக் கேட்டதில்லை, நீ யாரும்மா கேக்க?" என்கிறார். பத்திரத்தைக்கூடக் கண்ணில் காட்டவில்லை.

பதில்: பெரியப்பாவை இப்போதைக்கு விட்டுவிட்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கம்மா. வீடு, நிலத்தை வைத்து உயிரோடு இருக்கும்போதே எழுதிய டிரஸ்ட் என்றால் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். 1882ஆம் வருட இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 5ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறுவது 1ஆம் புத்தகத்தில். அந்தப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கட்டணம் கட்டி நகலும் வாங்கலாம். பெரியப்பாவின் சம்மதம் தேவையில்லை. சர்வே எண்ணை வைத்து வில்லங்கம் போட்டால் பத்திர எண் தெரிந்துவிடும். தாத்தா உயிலில் டிரஸ்ட் ஏற்படுத்தியிருந்தால் மட்டும் இந்த வழி கைகொடுக்காமல் போகலாம்.

பத்திரத்தில் உங்கள் பெயரோ, "என் மகன்களின் வாரிசுகள்" என்பது போன்ற வாசகமோ இருந்தால் நீங்கள் பயனாளி. பிறகு "நீ யார்" என்று கேட்க ஒருவருக்கும் இடமில்லை. 19ஆம் பிரிவுப்படி டிரஸ்டி தெளிவான, சரியான கணக்கு வைத்திருக்க வேண்டும். பயனாளி நியாயமான நேரத்தில் கேட்டால் சொத்து என்ன நிலையில் இருக்கிறது என்று முழுத் தகவல் தர வேண்டும். 57ஆம் பிரிவு இன்னும் வலுவானது. டிரஸ்ட் பத்திரம், டிரஸ்டுக்கு மட்டுமே உரிய மூலப் பத்திரங்கள், கணக்குகள், வவுச்சர்கள் எல்லாவற்றையும் பார்த்து நகல் எடுக்கும் உரிமையை அது பயனாளிக்குக் கொடுக்கிறது. டிரஸ்டை நிர்வகிக்க டிரஸ்டி வாங்கிய வக்கீல் கருத்துரைகூட இதில் அடக்கம்.

இனி வாயால் கேட்காதீர்கள். ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போதும். எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, எந்த வங்கிக் கணக்கு, எந்தக் கட்டடத்தின் வாடகை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வந்து பார்க்க இரண்டு மூன்று தேதிகளை நீங்களே எழுதுங்கள். திட்டும் குத்தலும் வேண்டாம். அந்தக் கடிதம் நாளைக்கு நீதிபதி மேசையில் இருக்கப் போகிறது.

கோவை வாசகர்: கேட்டதும் ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட பேலன்ஸ் ஷீட் ஒன்றை அனுப்பிவிட்டார்கள். "ஆடிட் ஆனதுப்பா, இதுக்கு மேல என்ன வேணும்" என்கிறார் சித்தப்பா. இதோடு விட்டுவிடுவதா?

பதில்: விடாதீர்கள். ஆனால் அந்தத் தாளைத் தூக்கியும் போடாதீர்கள். பொறுப்புகள் பக்கத்தில் "வாடகை அட்வான்ஸ்" என்று ஒரு வரி இருக்கும். அதன் விவரப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அட்வான்ஸ் 9 கடைகளுக்கு இருந்து, வாடகை வரவு 7 கடைகளுக்கு மட்டும் காட்டியிருந்தால், மிச்சம் 2 கடைகளின் வாடகை எங்கே என்பதுதான் உங்கள் கேள்வி. பூட்டிக் கிடக்கிறது என்பார்கள். மின்கட்டண ரசீதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்து 26ஏஎஸ், அதாவது ஒரு பான் எண்ணில் பிடித்த வரியெல்லாம் ஏறியிருக்கும் வருமான வரிப் படிவம். வங்கியோ பெரிய கம்பெனியோ வாடகைக்கு இருந்தால் வரி பிடித்துக்கொண்டுதான் வாடகை தரும். பிடித்த வரி யாருடைய பான் எண்ணில் ஏறியிருக்கிறது? டிரஸ்டின் பான் எண்ணில் இருந்தால் தொகை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சித்தப்பாவின் சொந்தப் பான் எண்ணில் ஏறியிருந்தால் அந்த வாடகையை அவர் தன் வருமானமாக வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். இந்த ஒரு தாளில் பல வழக்குகளின் போக்கே மாறிவிடும். ஆனால் அதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்க முடியாது. வருமான வரிக் கணக்கு தனிப்பட்ட தகவல் என்று கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் 2012லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டிரஸ்டியிடம் கேட்க வேண்டும். தராவிட்டால் நீதிமன்றம் வழியாகத்தான்.

ஆடிட்டர் தனக்காக எழுதி வைத்த வேலைக் குறிப்புகள் அவருக்கே சொந்தம். டிரஸ்டின் பேரேடும் வவுச்சர்களும் அப்படியில்லை. "எல்லாம் ஆடிட்டர்கிட்ட இருக்கு" என்பது பதிலே ஆகாது.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: நேரில் வர முடியாது. ஊரில் இருக்கும் மச்சானை அனுப்பிக் கணக்கைப் பார்க்கச் சொல்லலாமா?

பதில்: தாராளமாக. இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அதிகாரப் பத்திரம் அனுப்புங்கள். அது இங்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரை செலுத்திவிட வேண்டும். கணக்கைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் மட்டும் அதிகாரம் கொடுங்கள். சமரசம் பேசுவது, பணம் வாங்குவது எல்லாம் எதற்கு மச்சானுக்கு?

திருச்சி வாசகர்: டிரஸ்ட் கணக்கு இருக்கும் வங்கிக்குப் போனேன். மேனேஜர் முடியாது என்று கையை விரித்துவிட்டார். டிரஸ்டியான அத்தானின் நெட்பேங்கிங் பாஸ்வேர்டு என் தம்பிக்குத் தெரியும். அதில் எடுத்துவிடலாமா?

பதில்: பாஸ்வேர்டு வேலை வேண்டவே வேண்டாம் தம்பி. வழக்கில் நீங்கள் வாதியாக நிற்க வேண்டியவர். அத்தான் உங்கள் மேல் சைபர் புகார் கொடுத்துவிட்டால் பேச்சே திசைமாறிவிடும். மேனேஜர் மேலும் தப்பில்லை. கணக்கை இயக்குகிறவரைத் தவிர மற்றவர்களிடம் ரகசியம் காப்பது அவர் கடமை.

வழக்குப் போட்ட பிறகு கதவு திறக்கும். 1891ஆம் வருட வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டம், பிரிவு 6. கணக்கைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் நீதிமன்றத்தில் உத்தரவு கேட்கலாம். விடுமுறை நாட்களைக் கழித்து 3 முழு நாட்களுக்கு முன்னால் உத்தரவு வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். வரும் நகலில் வங்கியின் சான்று சரியாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் கணினிப் பதிவுகளுக்கு 63ஆம் பிரிவுச் சான்று வேண்டும். ஸ்டேட்மென்ட் கையில் இருந்தும் சான்று இல்லாமல் வாய்தா வாய்தாவாக இழுத்துக்கொண்டு போவதை நிறையப் பார்க்கலாம்.

சேலம் வாசகர் (டிரஸ்டி): எல்லோரும் டிரஸ்டியையே திருடன் மாதிரி பேசுகிறீர்கள். என் ஒன்றுவிட்ட தம்பி வாரம் ஒரு கடிதம் போடுகிறான், 20 வருடக் கணக்கு கேட்கிறான். வழக்குக்காக என் வக்கீல் எழுதித் தந்ததையும் காட்டு என்கிறான்.

பதில்: நியாயமான கோபம்தான் ஐயா. சட்டம் "நியாயமான நேரங்களில்" என்றுதான் சொல்கிறது. வாரா வாரம் கடையை மூடிவிட்டு உட்கார வேண்டியதில்லை. ஒரு நாள் குறித்து, ஆடிட்டரை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் காட்டுங்கள். எதையெல்லாம் காட்டினீர்கள் என்று பட்டியல் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மாட்டார் என்றால் அதே பட்டியலைத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

வக்கீல் கருத்துரையில் ஒரு கோடு உண்டு. கடையை யாருக்கு வாடகைக்கு விடலாம், எந்த முதலீடு சரி என்று டிரஸ்டுக்காகக் கேட்டு வாங்கியதைக் காட்ட வேண்டும். தம்பி போட்ட வழக்கில் உங்களைக் காத்துக்கொள்ள வாங்கிய ஆலோசனை உங்களுக்கும் வக்கீலுக்கும் மட்டுமானது. அந்த வக்கீல் கட்டணத்தை டிரஸ்ட் கணக்கிலிருந்து எடுத்திருந்தால் மட்டும் சிக்கல். டிரஸ்டின் பணத்தில் வாங்கிய ஆலோசனை எனக்கு மட்டும் சொந்தம் என்று வாதாடுவது கஷ்டம். சொந்தப் பாதுகாப்புக்கு சொந்தக் காசு கொடுங்கள்.

திருநெல்வேலி வாசகர்: வழக்கில் ஆவணங்களைத் தாக்கல் செய்யச் சொல்லி மனு போட்டோம். "மீன் பிடிக்கும் முயற்சி" (ஏதாவது சிக்குமா என்று துழாவுவது) என்று எதிர்த்தரப்பு வாதாடி, தள்ளுபடி ஆகிவிட்டது.

பதில்: மனுவில் "டிரஸ்ட் சம்பந்தப்பட்ட அனைத்து ஆவணங்களும்" என்று எழுதியிருப்பீர்கள். அப்படி எழுதினால் தள்ளத்தான் செய்வார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் ஆணையில் மூன்று தனித்தனி வழிகள் இருக்கின்றன. எதிர்த்தரப்பிடம் என்னென்ன ஆவணம் இருக்கிறது என்று பிரமாண வாக்குமூலத்தில் சொல்ல வைப்பது 12ஆம் விதி. குறிப்பிட்ட ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்கச் சொல்வது 14. அவர்களே பதிலுரையில் பேசியிருக்கும் ஆவணத்தைக் காட்டச் சொல்வது 15. முதலில் 12ல் போய்ப் பட்டியலை வாங்குங்கள். அதை வைத்துக்கொண்டு 14ல், எந்த ஆவணம், எந்த வருடம், வழக்கின் எந்தப் பிரச்சினைக்கு என்று வரிக்கு வரி சொல்லிக் கேளுங்கள். பதிலுரையில் "கணக்குகள் முறையாகப் பராமரிக்கப்படுகின்றன" என்று எழுதியிருந்தால் அந்த வரியையே பிடித்துக்கொள்ளுங்கள்.

உத்தரவு வந்த பிறகும் தராவிட்டால் 21ஆம் விதியில் அவர்கள் எதிர்வாதத்தையே நீக்கலாம். நீதிமன்றங்கள் அவ்வளவு தூரம் சுலபத்தில் போகாது. ஆனால் மறைத்த ஆவணம் வந்திருந்தால் மறைத்தவருக்குப் பாதகமாகவே இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். இறுதி வாதத்தில் இது நன்றாகவே எடுபடும்.

இன்னொன்று, உங்கள் வழக்கில் கணக்கு ஒப்படைக்கச் சொல்லும் பரிகாரம் இருக்கிறதா? வெறும் தடையாணை வழக்காக இருந்தால் திருத்த மனு போடுங்கள். கணக்கு வழக்கில் முதலில் முதல்நிலைத் தீர்ப்பு வரும். பிறகு கணக்கைச் சரிபார்க்க கமிஷனர் போடுவார்கள். அவர் முன்னால் வவுச்சர் வவுச்சராகப் பார்த்துத்தான் இறுதித் தீர்ப்பு. நீதிமன்றக் கட்டணத்தை இப்போது உத்தேசத் தொகைக்குக் கட்டினால் போதும். கடைசியில் அதிகம் வந்தால் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும்.

ஈரோடு வாசகி: அப்பா 15 வருடமாகக் கேட்கவே இல்லை. காலம் கடந்துவிட்டதா?

பதில்: இல்லை. குறிப்பிட்ட நோக்கத்துக்காக ஒப்படைத்த சொத்தைப் பற்றி டிரஸ்டியிடம் கணக்கு கேட்க, காலவரம்புச் சட்டம் 10ஆம் பிரிவுப்படி காலக்கெடு கிடையாது. டிரஸ்டியிடமிருந்து விலை கொடுத்து வாங்கியவர் மேல் போனால் மட்டும் கெடு உண்டு. ஏதாவது விற்றிருக்கிறார்களா என்று இன்றைக்கே வில்லங்கம் பாருங்கள்.

வேலூர் வாசகர்: பத்திரத்தில் தகராறு வந்தால் மத்தியஸ்தர் (ஆர்பிட்ரேட்டர்) முன் போக வேண்டும் என்று இருக்கிறது. வழக்குப் போட முடியாதா?

பதில்: போடலாம். குடும்ப டிரஸ்ட் பத்திரத்தில் எழும் தகராறு ஆர்பிட்ரேஷனுக்குப் போகாது என்று விமல் கிஷோர் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016ல் தீர்த்துவிட்டது. உட்கார்ந்து பேசிச் சமரசம் செய்ய யாரும் தடையில்லை.

கும்பகோணம் வாசகர்: எங்களுடையது கட்டளை டிரஸ்ட். உற்சவத்துக்கு நெல், அன்னதானம். கணக்கு கேட்டால் "இது குடும்பச் சொத்து இல்லை, கேட்க முடியாது" என்கிறார் மாமா. அறநிலையத் துறை கேட்டால் "இது எங்கள் குடும்ப விஷயம்" என்கிறார்.

பதில்: மாமா கெட்டிக்காரர். இதுவரை சொன்ன 19, 57 எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. சமய, தரும அறக்கட்டளைகளுக்கு அந்தச் சட்டமே இல்லை. பலன் குறிப்பிட்ட ஆட்களுக்கா, பொதுமக்களுக்கா என்பதை வைத்துத்தான் தனியார், பொது என்று பிரிப்பார்கள். உச்ச நீதிமன்றத்தின் தேவகி நந்தன் வழக்கிலிருந்து இதுதான் அளவுகோல். பொது என்றால், அது அறநிலையத் துறையின் சட்டத்துக்குள் வராதபோது, அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்து நீதிமன்ற அனுமதியோடு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் கணக்கு கேட்டு வழக்குப் போடலாம். துறையின் 1959ஆம் வருடச் சட்டத்துக்குள் வருமா என்ற தகராறு 63ஆம் பிரிவில் இணை ஆணையர் முன் போகும். மாமா துறைக்கு எழுதிய கடிதங்களின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் துறையிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி எழுதியிருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

தஞ்சாவூர் வாசகர்: வழக்கில் நோட்டீஸ் போனதும், பழைய கணக்குப் புத்தகங்களைக் கரையான் அரித்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

பதில்: கரையானுக்கும் வக்கீல் நோட்டீஸ் போகும் போலிருக்கிறது. கவலைப்படாதீர்கள், கணக்கு வைக்க வேண்டிய பொறுப்பு டிரஸ்டியுடையது. புத்தகம் இல்லாததால் வரும் சந்தேகத்தின் பலன் அவருக்குக் கிடைக்காது. வாடகைதாரர்களிடம் ரசீதுகள் இருக்கும், மாநகராட்சியில் சொத்து வரி விவரம் இருக்கும், ஜிஎஸ்டி கட்டியிருந்தால் அதன் கணக்கும் இருக்கும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16ஆம் ஆணையில் சம்மன் போட்டு ஒவ்வொன்றாக வரவழையுங்கள். வாடகைதாரர்களில் பெரியவர் யார் என்று பார்த்து அவரிடமிருந்து தொடங்குங்கள். அவர் செக்கில்தான் கொடுத்திருப்பார்.