வார்னிஷ் ஏன் உரிகிறது? பெயின்ட் கடை அக்கா பதில்கள்

(மார்த்தாண்டத்தில் பெயின்ட் கடை நடத்தும் அக்கா, வாசகர்களின் வீட்டு வேலைக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

அக்கா, முட்டத்தில் எங்கள் வீட்டு மாடியில் கடலைப் பார்க்கத் தேக்குப் பலகையில் தளம் போட்டு, கைப்பிடியும் வைத்திருக்கிறோம். போன வருஷம் வார்னிஷ் அடித்தோம். ஆடி மழை முடிந்து பார்த்தால் தளம் முழுக்க மீன் செதில் மாதிரி உரிந்து நிற்கிறது. கைப்பிடியில் அவ்வளவு இல்லை. மேலே இன்னும் இரண்டு கோட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் பெயின்டர். போடலாமா?

போடாதீர்கள். இரண்டு டின் விற்றால் எனக்கு லாபம்தான், ஆனாலும் சொல்கிறேன். உரிந்ததன் மேல் அடித்தால் புதுசும் அதோடு சேர்ந்து கழன்று வரும்.

வார்னிஷ் மரத்தின் மேல் ஒரு படலமாகத்தான் நிற்கும். வீட்டுக்குள் கதவிலும் கட்டிலிலும் அதற்கு ஒரு குறையும் வராது. வெளியே கிடக்கும் பலகை மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். படலம் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் எங்காவது மயிரிழையாக வெடிக்கும். அதன் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அடியிலேயே நின்று படலத்தைத் தூக்கிவிடும். நிறமில்லாத வார்னிஷ் என்றால் வெயிலும் ஊடுருவிப் போய் மரத்தின் மேல்நாரை அரித்துவிடும், பிடிமானமே இருக்காது. தேக்கில் எண்ணெய்ப் பசை வேறு. கைப்பிடி தப்பியதற்குக் காரணம், அதில் தண்ணீர் தேங்காது, காலும் படாது.

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்து, "அந்த மரவேலை மட்டும் எப்படி இத்தனை காலம் நிற்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே ஓட்டுக் கூரையின் இறவாரத்தை எவ்வளவு கீழே இறக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மழை நேராக மரத்தில் விழவே விடவில்லை. உங்கள் தளத்துக்கு மேலே வானம்தான். அதனால் மரத்துக்குள் இறங்குகிற எண்ணெய் வகை ஸ்டெயின்தான் அதற்குப் பொருந்தும். வெளிப்புற மரத்துக்கு என்று டின்னில் போட்டிருக்க வேண்டும். லேசாகப் பழுப்பு கலந்ததாக வாங்குங்கள். வெயிலைத் தடுப்பது அந்த நிறப்பொடிதான்.

முதலில் பழைய வார்னிஷ் ஒட்டுமொத்தமாகப் போக வேண்டும். தகட்டால் சுரண்டிவிட்டு, படிந்திருக்கும் கடல் உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு 60 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 80. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மழமழவென்று வரட்டும் என்று 220 வரை தேய்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படித் தேய்த்தால் மரத்தின் துளை அடைபட்டு ஸ்டெயின் உள்ளே இறங்காது. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சினால் தளம் தயார். முத்து முத்தாக நின்றால் வார்னிஷோ தேக்கின் எண்ணெயோ இன்னும் மேலே இருக்கிறது. தேய்த்து, தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். ஒரு பலகையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். ஆள் பாதியில் டீ குடிக்கப் போனால் அந்த இடத்தில் கறுத்த கோடு விழும். கால் மணி நேரம் கழித்து, உறிஞ்சாமல் மேலே நிற்பதைப் பனியன் வேஸ்டால் துடைத்தெடுங்கள். விட்டுவிட்டால் நாள்கணக்கில் காலில் பிசுபிசுக்கும். பலகையின் வெட்டுமுனைதான் தண்ணீரை அதிகம் குடிக்கும் இடம். அங்கே மட்டும் திரும்பத் திரும்பக் கொடுங்கள்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் சேர்ந்த ஸ்டெயின் காயும்போது சூடு உண்டாகும். குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கியெடுத்து வெளியே விரித்துப் போடுங்கள்.

எப்போது செய்வது? நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. கும்பப்பூ நெல் அறுவடை நடக்கும் தை, மாசிதான் தோது. அதுவரை சுரண்டி வைத்த தளம் வெறும் மரமாகவே கிடக்கட்டும். தேக்கு சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். தேய்த்தால் பழைய நிறம் வந்துவிடும். கைப்பிடியில் வார்னிஷ் பிடித்து நிற்கிற இடத்தை லேசாகத் தேய்த்து, வெளிப்புற வார்னிஷ் ஒரு கோட் கொடுத்தால் போதும். கைப்பிடியின் அடிப்பக்கத்தைப் பெயின்டர் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தேக்குக் கைப்பிடியில் ஸ்க்ரூ உள்ள இடத்திலெல்லாம் கறுப்பாக வடிந்திருக்கிறது. ஸ்டெயின் அடித்தால் மறையுமா? (குளச்சல்)

மறையாது. ஸ்க்ரூவின் இரும்பும் மரத்தின் துவர்ப்பும் ஈரத்தில் சேர்ந்து மையாகிவிட்டன. முதலில் ஸ்க்ரூவை மாற்றுங்கள். கடலோரத்தில் 304 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூகூடப் பழுப்பேறும், 316 ரகம் என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான், வேறு வழியில்லை. பிறகு ஆக்ஸாலிக் அமிலத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கறையில் தடவினால் கண்ணெதிரே வெளுக்கும். அது விஷம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், முடிந்ததும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

அண்டித்தோட்டு எண்ணெய் (முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெய்) அடித்தால் மரம் எந்தக் காலத்திலும் கெடாது என்கிறார் மாமனார். தளத்துக்கு அடிக்கலாமா? (கருங்கல்)

மாமனார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. வள்ளத்துக்கும் கூரைக் கழிக்கும் அதை அடிப்பது நம் ஊர் வழக்கம், கரையானும் அண்டாது. ஆனால் பச்சை எண்ணெய் தோலைப் பொத்துவிடும். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்த பெண்களின் விரலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கால் படுகிற தளத்துக்கும் கை படுகிற கைப்பிடிக்கும் வேண்டாம். தளத்துக்கு அடியில் தாங்கும் உத்தரங்களுக்கு அடிக்கலாம். மரம் கன்னங்கரேலென்று ஆகிவிடும், கீழே யார் பார்க்கப் போகிறார்கள்?

ரப்பர் மரப் பலகை மலிவாகக் கிடைக்கிறது. வெளித் தளம் போடலாமா? (குலசேகரம்)

வேண்டாம். மருந்தேற்றிய பலகையானாலும் அது வீட்டுக்குள் நாற்காலி, மேசைக்குத்தான். மழையில் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும், எந்த டின்னும் காப்பாற்றாது. தளத்தின் அளவைக் குறைத்துக்கொண்டு அயனி மரப் பலகை வாங்குங்கள்.