சீகையை வெட்டிவிட்டால் சோலை வந்துவிடுமா?

கேள்வி: ஊட்டி அருகே எங்கள் குடும்ப நிலத்தில் சீகை (வாட்டில்) மரங்கள் மண்டிவிட்டன. எல்லாவற்றையும் வெட்டி எரித்துவிட்டு, சோலை மரக்கன்றுகள் நடலாமா?

பதில்: நடலாம். ஆனால் எரிக்காதீர்கள், ஒரேயடியாக வெட்டவும் வேண்டாம். முதலில் அந்த இடம் சோலையாக, அதாவது மலைக்கே உரிய அடர்ந்த பசுமைக் காடாக, இருந்ததா என்று பாருங்கள்.

நீலகிரியின் மேல்மலை முழுக்கக் காடாக இருந்ததில்லை. ஈரம் தங்கும் பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் சோலை, சரிவுகளிலும் முகடுகளிலும் புல்வெளி. 1820-களில் ஊட்டியில் வெள்ளையர்கள் குடியேறியபின் விறகுக்காகச் சோலைகளை வெட்டினார்கள். விறகுத் தட்டுப்பாடு வந்ததும் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வந்தன. அப்புறம் தேயிலை. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும் அரசே சீகையைப் பெருமளவில் நட்டது. அதில் அதிகம் பறிபோனது புல்வெளிதான். தோடர்களின் எருமைகள் மேய்ந்த, வரையாடுகள் வாழும் நிலத்தைத் தரிசு என்று நினைத்தார்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. நீலகிரியில் உள்ள முக்கூர்த்தி 1990-ல் தேசியப் பூங்கா ஆனது. அதற்குள்ளும் சீகை பரவிக்கொண்டுதான் இருக்கிறது.

உங்கள் நிலம் காற்றடிக்கும் முகடு என்றால் அங்கே எந்த மரமும் நடாதீர்கள், நாட்டுப் புல்லை மீட்டாலே போதும். பள்ளம் என்றால் சீகைக்கு அடியில் குனிந்து தேடுங்கள். அருகில் சோலை இருந்தால் பறவைகள் போட்ட விதையிலிருந்து நாவல், காட்டு இலவங்கக் கன்றுகள் தானாகவே முளைத்திருக்கும். அவற்றுக்கு நிழல் வேண்டும். வெட்டவெளியில் உறைபனி கருக்கிவிடும். அதனால் கன்றுகளைச் சுற்றி மட்டும் சில சீகைகளை எடுங்கள். கன்றுகள் தலைக்கு மேல் வளர்ந்தபின் அடுத்த சிலவற்றை எடுக்கலாம். கன்றே இல்லாத இடத்தில் மட்டும், பக்கத்துச் சோலை விதையில் வளர்ந்த நாற்றை வாங்கி நடுங்கள்.

எரிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. சீகை விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், தீயின் சூடு பட்டால் மொத்தமாக முளைத்துக் கிளம்பும். வெட்டிய இடத்திலும் வேரிலிருந்து துளிர்க்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இளஞ்செடிகளை வேரோடு பிடுங்க வேண்டும். பல ஆண்டு வேலை இது, ஆள்கூலிக்கு இப்போதே பணம் ஒதுக்கி வையுங்கள்.

மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955 உங்கள் பகுதிக்கும் பொருந்தலாம். சொந்த நிலம், அயல்மரம் என்று நினைத்து வெட்டிவிடாமல், வனச்சரக அலுவலகத்தில் கேட்டு அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.