கரும்புகை தள்ளும் பழைய 207: பம்ப் ஸ்க்ரூவைத் திருப்பலாமா?

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 2006 மாடல் டாடா 207 டிஐ, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ இல்லாத வண்டி. காய்கறி லோடு அடிக்கிறார், இடையிடையே பழனி வழியாகக் கொடைக்கானல் ஏறி இறங்குவதும் உண்டு. காலையில் செல்ஃப் ரொம்ப நேரம் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, மலையேறும்போது கரும்புகை, லிட்டருக்கு 12 கொடுத்துக்கொண்டிருந்தது இப்போது 9-க்கு வந்துவிட்டது. இன்ஜினுக்கு டீசலை அளந்து அனுப்பும் பம்பில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது, அதைக் கால் சுற்று ஏற்றினால் வண்டி நன்றாக இழுக்கும் என்று தெரிந்த ஒருவர் சொன்னாராம். அதை வீட்டிலேயே செய்யலாமா, கூடவே டீசலில் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கான ஆயில்) கலக்கலாமா என்று கேட்கிறார்.

முதலில் ஸ்க்ரூ. அதைத் தொடாதீர்கள். ஃபுல் லோடில் ஒவ்வொரு அடிக்கும் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற ஸ்க்ரூ அது. அதை ஏற்றினால் டீசல் கூடும், காற்று கூடாது. உங்கள் வண்டி ஏற்கெனவே கரும்புகை தள்ளுகிறது என்றால், உள்ளே போகும் டீசலை முழுசாக எரிக்கக் காற்று போதவில்லை, அல்லது டீசல் சரியாகத் தூவலாக விழவில்லை என்றுதான் பொருள். கணக்குப்படி 1 கிலோ டீசல் எரிய சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். ஆனால் டீசல் இன்ஜினில் கலவை ஒரே சீராக இருக்காது என்பதால், நடைமுறையில் 18 கிலோவுக்குக் கீழே போனாலே புகை கிளம்பிவிடும். அந்த நிலைமையில் இன்னும் டீசலை ஊற்றினால் கொஞ்சம் இழுவை கூடுவதுபோலத் தெரியும், மீதியெல்லாம் கரியாகவும் சூடாகவும் போகும். அந்தச் சூடு பிஸ்டன் தலையிலும் எக்ஸாஸ்ட் வால்விலும்தான் இறங்கும். மலையில், லோடோடு, இரண்டாம் கியரில் அரை மணி நேரம் ஏறும் வண்டிக்கு இதைவிடக் கெடுதல் வேறு இல்லை.

மலை என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இருந்தால் ஓரளவு ஈடுகட்டும். உங்கள் வண்டியில் அது இல்லை, உயரத்துக்கு ஏற்ப டீசலைக் குறைக்கும் ஏற்பாடும் அந்தக் காலத்துச் சாதாரண பம்பில் இருக்காது. ஆகவே மேலே போகப் போகக் கொஞ்சம் புகை வருவதும் இழுவை குறைவதும் இயற்கை, அதை எந்த டியூனிங்காலும் முழுதாக எடுக்க முடியாது. வண்டியைச் சமதளத்தில் சோதியுங்கள். நான்குவழிச் சாலையில் லோடோடு நான்காம் கியரில் அழுத்திப் போகும்போதும் கண்ணாடியில் கருப்பாகத் தெரிந்தால்தான் அது கோளாறு. மைலேஜ் பாதிக்கு மேல் போகாவிட்டாலும் கால்பங்கு போயிருக்கிறது என்பதால் உங்களுக்குக் கோளாறு இருக்கிறது என்றே நினைக்கிறேன், ஆனால் அது பம்பில்தான் என்று சொல்ல இப்போதைக்கு ஒரு ஆதாரமும் இல்லை.

பழைய மெக்கானிக்கல் டீசலில் டியூனிங் என்றால் கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த அளவுக்குத் திரும்பக் கொண்டுவருவதுதான். இந்த இன்ஜினின் 497 என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது: 4 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர், மொத்தம் 2,956 சிசி. இவ்வளவு பெரிய இன்ஜின் இந்த எடைக்குத் தாராளமாகப் போதும், எல்லாம் சரியாக இருந்தால்.

காற்றிலிருந்து ஆரம்பியுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி உள்ளே ஒரு பல்பை விட்டு வெளியிலிருந்து பாருங்கள், வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். காற்றடித்துச் சுத்தம் செய்வதாக இருந்தால் உள்ளிருந்து வெளியே மட்டும், அதுவும் தள்ளிப் பிடித்து. தட்டித் தட்டிப் போடுவதில் பேப்பர் கிழிந்துவிடும். ஃபில்டரைவிட முக்கியம், ஃபில்டருக்கும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டுக்கும் நடுவே வரும் ரப்பர் ஹோஸ். அதன் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத மடிப்பில்தான் வெடிப்பு விழும். அங்கே நுழையும் தூசி ஃபில்டரைத் தொடாமல் நேராக உள்ளே போய் ரிங்கையும் லைனரையும் தேய்த்துவிடும். ஹோஸைக் கழற்றி உள்பக்கம் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், செம்மண் ஒட்டினால் விடை கிடைத்துவிட்டது. சில நூறு ரூபாய் ஹோஸ் ஒரு இன்ஜின் வேலையைத் தடுக்கும் என்பதால்தான் இதில் இவ்வளவு நேரம் நிற்கிறேன்.

அடுத்து, காலையில் ஸ்டார்ட் ஆகாதது. இது பெரும்பாலும் தனிக்கோளாறு, புகையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டி காலையிலும் இரண்டு மூன்று விநாடியில் பிடிக்க வேண்டும். முதலில் பேட்டரி: செல்ஃப் அடிக்கும்போது மல்டிமீட்டரில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியையும் எர்த் ஒயரையும் பாருங்கள், இன்ஜின் வேகமாகச் சுற்றாவிட்டால் கம்ப்ரஷன் சூடு வராது. பேட்டரி நன்றாக இருந்தால் இதைச் செய்யுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவியைத் தொடுவதற்கு முன், டீசலைக் கையால் அடித்து ஏற்றும் ஹேண்ட் பிரைமரை நன்றாகக் கெட்டியாகும்வரை அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்துக்கொண்டால், இரவில் டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது, அதாவது லைனில் எங்கோ காற்று புகுகிறது. இதில் சிக்கல் என்னவென்றால், டேங்குக்கும் பம்புக்கும் இடையில் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கும் ஓட்டை டீசலை வெளியே சிந்தாது, காற்றை மட்டும் உள்ளே இழுக்கும். தரையில் ஒரு சொட்டு இருக்காது, அதனால் யாரும் அங்கே பார்ப்பதில்லை. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே தற்காலிகமாக ஒரு கண்ணாடி மாதிரியான டீசல் டியூபைப் போட்டு ஓடவிட்டால் குமிழி வருவது தெரியும். டீசல் பைப்பைப் பூட்டும் பாஞ்சோ போல்ட்டின் வாஷர்கள், ஃபில்டர் ரப்பர், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில்களின் மேலே ஓடும் துணி சுற்றிய ரிட்டர்ன் டியூப், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். எல்லாமே மலிவு. வாஷரைத் திருப்பித் திருப்பிப் போடாமல் கழற்றுகிற ஒவ்வொரு முறையும் புதுசு போடுங்கள். டீசல் ஃபில்டரின் அடியில் இருக்கும் வடிகாலைத் திறந்து தண்ணீரையும் அவ்வப்போது வடித்துவிடுங்கள், மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி.

காற்று, டீசல் லைன் இரண்டும் சரியென்றால் நாசில். ஐடிலில் ஓடவிட்டு ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் ஒரு சுற்று தளர்த்தி மூடுங்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் இன்ஜின் தடுமாறும், எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. இங்கே கவனம். அந்தப் பைப்பில் 200 பாருக்கு மேல் அழுத்தம், கசியும் இடத்தை ஒருபோதும் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். மெல்லிய டீசல் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே குண்டூசி குத்தியது போலத்தான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. சில மணி நேரத்தில் கையையே இழக்கும் அளவுக்கு உள்ளே அழுகிவிடும். அப்படிப் பட்டால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று சொல்லுங்கள், வீட்டில் மஞ்சள் தடவி உட்காராதீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, சுற்றி ஒரு துணி, இவை இல்லாமல் இந்தச் சோதனை வேண்டாம்.

நாசில்களைக் கழற்றுவதை வீட்டில் செய்யலாம், சோதிப்பதைப் பம்ப் ஷாப்பில்தான் செய்ய முடியும். நான்கையும் டெஸ்ட் ஸ்டாண்டில் போட்டு, எந்த அழுத்தத்தில் திறக்கிறது, தூவல் பனியாக விழுகிறதா ஒழுகுகிறதா என்று உங்கள் எதிரிலேயே காட்டச் சொல்லுங்கள். ஒழுகும் நாசில் ஒன்றே போதும், கரும்புகைக்கும் மைலேஜ் குறைவுக்கும். திரும்பப் பூட்டும்போது அடியில் இருக்கும் செம்பு வாஷர் புதுசு, பழையது உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

டேப்பட் செட்டிங்கை, அதாவது வால்வு இடைவெளி சரிசெய்வதை, நீங்களே செய்யலாம், பொறுமை இருந்தால் போதும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2. இன்ஜினைக் கையால் சுற்றி, 4-ஆம் சிலிண்டரில் ஒரு வால்வு மூடிக்கொண்டே வர இன்னொன்று திறக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தினால் 1-ஆம் சிலிண்டரை செட் செய்யலாம். அரைச் சுற்று சுற்றினால் 2-இல் அப்படி நடக்கும், 3-ஐ செட் செய்யுங்கள். அடுத்த அரைச் சுற்றில் 1 ஆடும், 4-ஐ; அதற்கடுத்து 3 ஆடும், 2-ஐ. இடைவெளி எத்தனை என்பதை உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்திலிருந்து மட்டும் எடுங்கள், பக்கத்து வண்டிக்காரர் சொன்ன எண்ணை வைத்துச் செய்யாதீர்கள். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு நழுவ வேண்டும், சும்மா ஆடக்கூடாது.

2டி ஆயில் வேண்டாம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்கக் கிடைப்பது 10 பிபிஎம் கந்தகம் உள்ள பிஎஸ்6 டீசல். கந்தகத்தை எடுக்கும்போது வழவழப்பு குறையும் என்பது உண்மைதான், அதனால்தான் வழவழப்புக்கும் தரக்கட்டுப்பாட்டில் தனி வரம்பு இருக்கிறது, அதற்கேற்பத்தான் டீசல் விற்பனைக்கு வருகிறது. உங்கள் வயது வண்டியில் பார்க்க வேண்டியது வேறு: இந்த டீசல் மாறியபின் பழைய ரப்பர் சீல்கள் சுருங்கிப் பம்பில் கசிவது உண்டு. பம்பைச் சுற்றி ஈரம் தெரிந்தால் சீல் செட் போட வேண்டும், ஆயில் கலந்து அது அடங்காது. மண்ணெண்ணெய் கலப்பு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் அந்த பெட்ரோல் பங்க்கை விட்டுவிடுங்கள், அது பம்பையே தின்றுவிடும்.

இன்ஜினோடு நிற்காமல் ஒன்றைப் பாருங்கள். டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டி மாதிரி மேனிஃபோல்டில் வேக்குவம் இருக்காது, பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்குத் தனி வேக்குவம் பம்ப், பெரும்பாலும் ஆல்டர்னேட்டருக்குப் பின்னால். ஹோஸ் வெடித்தாலோ அந்தப் பம்ப் தேய்ந்தாலோ பெடல் கல்லாகிவிடும். மலையிறங்கும் வண்டிக்கு இது கரும்புகையைவிடப் பெரிய விஷயம். வண்டி நிற்கும்போது இன்ஜினை அணைத்து பெடலை நாலைந்து முறை மிதித்துவிட்டு, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள், பெடல் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அதைச் சரிசெய்யாமல் மலைக்குப் போகாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு சமதளத்தில் புகை நிற்கவில்லை என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட். ஆயில் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று பேக் கம்ப்ரஷன் அடிக்கிறதா என்று முன்பே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நான்கு சிலிண்டருக்கும் நடுவே 3 முதல் 5 பாருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ரிங் அல்லது வால்வு வேலை, பம்புக்குச் செலவழிப்பது வீண். நான்கும் ஒரே மாதிரி நன்றாக வந்தால் அப்போதுதான் பம்பைக் கழற்றி பெஞ்சில் போட்டு காலிபரேஷன், அதாவது டீசல் அளவைச் சரிபார்த்து செட் செய்வது. கழற்றும் முன் பம்ப் உடலும் பிளேட்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு கீறி வைத்துக்கொள்ளுங்கள், டைமிங் ஒரு டிகிரி தள்ளினாலும் சத்தம் மாறும். காலிபரேஷன் ஷீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள், பம்ப் ஸ்க்ரூவுக்கு முத்திரையை அவர்களையே வைக்கச் சொல்லுங்கள். எஃப்.சி.க்கு முன் புகைச் சோதனையில் உங்கள் வயது வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட் (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு) வரை அனுமதி, அதையே கே-மதிப்பு என்ற இன்னொரு அளவில் சொன்னால் 2.45. அந்தப் பிரின்ட்டில் வரும் எண்ணை இந்த வேலைகளுக்கு முன்னும் பின்னும் எழுதி வையுங்கள். மைலேஜையும் டேங்க் நிரப்பி, மறுபடி நிரப்பும்வரை ஓட்டி எடுங்கள், மீட்டர் முள்ளை வைத்து வேண்டாம்.