வாசகர் கேள்விகள்: விண்டோவில் வரைந்த படம் ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி: நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். மாண்டல்பிராட் என்ற கணித வடிவத்தை 640-க்கு 480 அளவுள்ள விண்டோவில் வரையும் நிரல் ஒன்றை, சி மொழியில் விண்டோஸுக்காக எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் கணக்கிட்டவுடன், ஒரு பிக்சலை மட்டும் எழுதும் செட்பிக்சல் அழைப்பின் மூலம் வரைகிறேன். படம் மேலிருந்து கீழாக ஊர்ந்து வருகிறது. விண்டோவைச் சுருக்கி மீண்டும் விரித்தால் வரைந்தது முழுவதும் மறைந்து வெள்ளையாகிவிடுகிறது. வேகமான கணினி வாங்கினால் சரியாகுமா?

பதில்: கணினியில் குறை இல்லை. நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றே. படத்தை உங்கள் நினைவகத்தில் வைத்துக்கொள்ளாமல் நேரே விண்டோவில் எழுதுகிறீர்கள். விண்டோவோ, எழுதியதை உங்களுக்காகக் காத்து வைக்கும் இடம் அன்று.

விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸின் காலத்தில் இந்த வழி சரியாகவே இருந்தது. 1987-இல் வந்த விஜிஏ என்ற திரை அட்டையின் 320-க்கு 200 பிக்சல், 256 நிற முறையில், திரை என்பதே 64,000 பைட் நினைவகம்தான். அதில் ஒரு பைட்டை மாற்றினால் திரையில் ஒரு புள்ளி மாறும். மறுபடியும் மாற்றும்வரை அப்படியே நிற்கும். இன்று பல நிரல்கள் ஒரே திரையைப் பங்கிட்டுக்கொள்வதால், திரை இயங்குதளத்தின் பொறுப்பில் இருக்கிறது. தேவைப்படும்போது அது உங்கள் நிரலிடம் அதன் பகுதியை வரைந்து தரும்படி கேட்கிறது. விண்டோஸில் அவ்வாறு கேட்கும் செய்திக்கு டபிள்யூஎம்-பெயின்ட் என்று பெயர். சுருக்கிய விண்டோவை விரிக்கும்போதும், அதன் அளவைப் பெரிதாக்கும்போதும் அந்தச் செய்தி வருகிறது. உங்கள் நிரலில் அதற்கு விடை இல்லாததால் பின்னணி நிறம் மட்டும் மிஞ்சுகிறது.

வேகம் குறைவதற்கும் இதே பழக்கம்தான் காரணம். ஒரு படத்துக்குச் செட்பிக்சலை 3,07,200 முறை அழைக்கிறீர்கள். ஒவ்வோர் அழைப்பிலும், அந்தப் புள்ளி வரையத்தக்க எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்து, நிறத்தை உரிய வடிவத்துக்கு மாற்றி, அதன் பிறகே இயங்குதளம் ஒரு பிக்சலை எழுதுகிறது. நெல்லை மூட்டையாக ஏற்றாமல் மணிமணியாகச் சந்தைக்குக் கொண்டுபோவதற்கு இது ஒப்பாகும்.

ஆகவே முதலில் ஒரு பஃபரை, அதாவது படத்தை வைத்துக்கொள்ளும் நினைவகப் பகுதியை, அமையுங்கள். பிக்சலுக்கு 4 பைட் வீதம் 12,28,800 பைட் ஒதுக்கி, அதை 32 பிட் எண்களின் தொடராகக் கருதுங்கள். 0-இலிருந்து எண்ணத் தொடங்கி, படத்தின் வரிசை எண்ணை அகலத்தால் பெருக்கி, அந்த வரிசையில் எத்தனையாவது பிக்சல் என்பதைக் கூட்டினால் அதன் இடம் கிடைத்துவிடும். கணக்கீடு முழுவதும் இந்தப் பஃபருக்குள்ளேயே நடக்கட்டும். படம் முடிந்ததும் இன்வாலிடேட்ரெக்ட்டை அழைத்து, விண்டோ பழையதாகிவிட்டது என்று தெரிவியுங்கள். டபிள்யூஎம்-பெயின்ட் வரும்போது பிகின்பெயின்ட், பிறகு பஃபரை முழுமையாக ஒப்படைக்கும் ஸ்ட்ரெட்ச்-டிஐபிட்ஸ், கடைசியில் எண்ட்பெயின்ட் என்ற மூன்று அழைப்புகள் போதும். பிகின்பெயின்ட்டை விட்டுவிடாதீர்கள், விட்டால், பழுதான பகுதி சரிசெய்யப்படவில்லை என்று எண்ணி விண்டோஸ் அதே செய்தியை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும்.

மாண்டல்பிராட் கணக்கை டபிள்யூஎம்-பெயின்ட்டுக்குள் வைக்கும் தவறைப் பலர் செய்கிறார்கள். அங்கே நகலெடுப்பது மட்டுமே நடக்க வேண்டும். முழுப் படத்தையும் ஒவ்வொரு முறையும் நகலெடுப்பது வீண் செலவு என்ற அச்சமும் வேண்டாம். 1920-க்கு 1080 அளவுள்ள ஒரு படம் 82,94,400 பைட். விநாடிக்கு 60 முறை அனுப்பினாலும் ஏறத்தாழ 50 கோடி பைட்தான். இன்றைய நினைவகங்களுக்கு அது பெரும் சுமை அன்று. உங்கள் நிரலில் நேரம் செல்வது கணக்கீட்டில்தான் என்பதை அளந்து பார்த்தால் நீங்களே காண்பீர்கள்.

படத்தைத் தொடர்ந்து நகர்த்தத் தொடங்கினால் விண்டோ கண்சிமிட்டும். வரைவதற்கு முன் விண்டோஸ் பின்னணி நிறத்தைப் பூசுவதே அதற்குக் காரணம். டபிள்யூஎம்-எரேஸ்பிகேஜிஎன்டி என்ற செய்திக்கு 1 என்று விடை தந்துவிட்டால், பின்னணியை நீங்களே பார்த்துக்கொள்கிறீர்கள் என்று அது எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: பஃபரை ஒரே அழைப்பில் அனுப்பும் முறைக்கு மாறிவிட்டேன். ஆனால் படம் தலைகீழாக வருகிறது. சிவப்பு நீலமாகத் தெரிகிறது. 24 பிட் படத்தைக் கொடுத்தால் சாய்ந்தும் போகிறது.

பதில்: மூன்றும் தனித்தனிக் குறைகள். விண்டோஸின் பிட்மேப் என்ற பட வடிவத்தில் உயரம் நேர்ம எண்ணாக இருந்தால், பஃபரின் முதல் வரிசை படத்தின் அடிவரிசை என்று பொருள். கணித வரைபடத்தில் ஆதிப்புள்ளி கீழே இடப்பக்கம் இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. உயரத்தை எதிர்ம எண்ணாகக் கொடுங்கள். 480 என்பதற்குப் பதிலாக -480. படம் நிமிர்ந்துவிடும்.

நிறம் மாறுவது பைட் வரிசையால். 32 பிட் பிட்மேப்பின் ஒரு பிக்சலில் முதல் பைட் நீலம், அடுத்தது பச்சை, மூன்றாவது சிவப்பு. நான்காவதை விண்டோஸ் பொருட்படுத்துவதில்லை. பிஎன்ஜி வகைப் படக் கோப்புகளைத் திறக்கும் நூலகங்கள் பெரும்பாலும் சிவப்பை முதலில் வைத்தே தருகின்றன. கோப்பைப் படித்தவுடன் ஒருமுறை முதல் பைட்டையும் மூன்றாவது பைட்டையும் இடம் மாற்றிவிட்டால் போதும்.

சாய்வுதான் புதியவர்களை அதிகம் குழப்புவது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிட்மேப்பின் ஒவ்வொரு வரிசையும் 4-ஆல் வகுபடும் பைட் எண்ணிக்கையில் முடிய வேண்டும் என்பது விண்டோஸின் விதி. 101 பிக்சல் அகலமுள்ள 24 பிட் படத்தின் ஒரு வரிசைக்கு, பிக்சலுக்கு 3 பைட் வீதம் 303 பைட் தேவை; ஆனால் விண்டோஸ் அதை 304 என்றே கொள்ளும். நீங்கள் 303 வீதம் இடைவெளியின்றி அடுக்கியிருந்தால், ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பைட் கூடுதலாக விலகி, மூன்று வரிசைகளுக்கு ஒரு பிக்சல் வீதம் படம் சரிந்துகொண்டே போகும். நிறங்களும் மூன்று வரிசைக்கு ஒருமுறை சுழன்று மாறும். இந்த அடையாளத்தைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம். பஃபரின் எல்லையைத் தாண்டி விண்டோஸ் படிக்க நேரும் என்பதால், இதைக் காட்சிக்குறை என்று மட்டும் எண்ணி விட்டுவிடவும் கூடாது. ஓர் அகலத்துக்குச் சரியாகவும் வேறோர் அகலத்துக்குச் சாய்ந்தும் வருவதற்குக் காரணமும் இதுவே: 100 பிக்சல் அகலத்துக்கு 300 பைட்; அது தானாகவே 4-ஆல் வகுபடுகிறது. 32 பிட் வடிவத்தில் இந்தச் சிக்கல் எழவே எழாது. இடம் மிச்சம் பிடிக்கும் கட்டாயம் இல்லாதவரை 32 பிட்டையே பயன்படுத்துங்கள் என்பது என் உறுதியான பரிந்துரை.

கேள்வி: லினக்ஸிலும் இதே முறைதானா? எஸ்டிஎல் நூலகத்தைப் பயன்படுத்தலாமா?

பதில்: அடிப்படை ஒன்றே, ஒப்படைக்கும் வழி மட்டும் வேறு. லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ்11-இல் விண்டோ மீண்டும் வரையப்பட வேண்டும் என்பதை எக்ஸ்போஸ் என்ற நிகழ்வு அறிவிக்கும். எக்ஸ்புட்இமேஜ் படத்தை அனுப்பும். அது படத்தின் பைட்டுகளைத் திரையை நிர்வகிக்கும் சர்வருக்கு ஒரு தொடர்பு வழியே கடத்துவதால், பெரிய படங்களுக்கு இரு தரப்பும் ஒரே நினைவகத்தைப் பகிரும் எம்ஐடி-ஷெம் நீட்சி நல்லது.

எஸ்டிஎல்லைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதன் இரண்டாம் பதிப்பில் ஸ்ட்ரீமிங் வகை (அடிக்கடி மாறும் படத்துக்கான) டெக்ஸ்சர் ஒன்றை அமைத்து, எஸ்டிஎல்-அப்டேட்டெக்ஸ்சர் மூலம் பஃபரை அதில் ஏற்றினால், ஒரே நிரல் விண்டோஸிலும் லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். அந்த அழைப்பு கேட்கும் பிட்ச் என்ற எண்ணில் பலர் தவறுகிறார்கள். அது பிக்சல் கணக்கு அன்று. ஒரு வரிசையின் பைட் கணக்கு. 640 பிக்சலுக்கு 2,560 என்று கொடுக்க வேண்டும்.

எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த வேலண்டில் நேரடியாக எழுதுவதானால், பஃபரை ஒப்படைத்த பிறகு ரிலீஸ் என்ற நிகழ்வு வரும்வரை அதில் கை வைக்காதீர்கள். அதுவரை மறுதரப்பு அதைப் படித்துக்கொண்டிருக்கலாம். இரண்டு பஃபர்களை வைத்துக்கொண்டு, ஒன்று திரும்பி வரும்வரை மற்றொன்றில் அடுத்த படத்தை வரையுங்கள்.